உங்களுக்குத் தெரியுமா? பிறவி எதிர்ப்புச் சக்திக்கும் ஞாபகம் உண்டு!

இடது தோளைப் பாருங்கள்

குளத்தூர், வைப்பாறு, வேம்பார் பக்கம் யாருடைய இடது தோளைப் பார்த்தாலும் பெரும்பாலும் ஒரு சின்ன வட்டத் தழும்பு இருக்கும். பிறந்த கையோடு போட்ட பி.சி.ஜி. ஊசியின் தடம் அது. காசநோய்க்காகப் போட்ட ஊசிதான். ஆனால் அதைப் போட்டுக்கொண்ட உடம்பின் வெள்ளணுக்கள், காசநோய்க்குச் சம்பந்தமே இல்லாத கிருமிகளையும் கொஞ்ச காலத்துக்கு வேகமாக எதிர்க்கின்றன. இது ஏன் என்று தேடப் போன இடத்தில்தான் மருத்துவத்துக்கு ஒரு புதிய கதவு திறந்தது.

எது அம்மைத் தழும்பு, எது பி.சி.ஜி. தழும்பு?

ஊரில் பெரியவர்கள் கையில் அகலமாக, குழிந்த தழும்பு இருந்தால் அது ‘அம்மை குத்தினது’. இந்தியாவில் பெரியம்மை கடைசியாகத் தொற்றியது 1975-இல். அதன்பின் அம்மை குத்துவது நின்றுபோனது. இன்றைய இளவட்டங்களின் தோளில் இருப்பது பி.சி.ஜி. தழும்பு மட்டுமே.

தழும்பு விழும் விதம்

ஒரு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு மருந்து வெறும் 0.05 மில்லிலிட்டர். ஊசியைச் சதைக்குள் இறக்குவதில்லை. தோலோடு தோலாகப் படுக்க வைத்துச் செருகுகிறார் செவிலியர். மருந்து இறங்கியதும் அந்த இடம் வெளுத்துச் சின்னதாக எழும்பி, சற்று நேரத்தில் அமுங்கிவிடும். இரண்டு மூன்று வாரம் கழித்து அங்கே சிவந்த முடிச்சு தெரியும். பிறகு லேசாகச் சீழ் வைத்து, பொருக்குத் தட்டி, 6 முதல் 12 வாரத்துக்குள் தழும்பாகும். பிதுக்கவும் வேண்டாம், மஞ்சளோ பவுடரோ வைக்கவும் வேண்டாம். தானாக ஆறும்.

உடம்புக்கு இரண்டு காவல்

ஒன்று, பிறக்கும்போதே கூட வருவது. கிருமி எதுவானாலும் சில மணி நேரத்தில் பாய்ந்து விழுங்கும், வீக்கத்தை வரவழைக்கும். இதுதான் பிறவி எதிர்ப்புச் சக்தி. மற்றொன்று, ஒவ்வொரு கிருமியையும் தனித்தனியாக அடையாளம் கண்டு, அதற்கென்றே ஆன்டிபாடி தயாரிப்பது. தயாராவதற்குச் சில நாட்கள் பிடிக்கும். ஆனால் ஒரு முறை பார்த்த கிருமியைப் பல ஆண்டுகள் மறக்காது. ஞாபகம் இரண்டாவதற்கு மட்டுமே உண்டு என்றுதான் பல தலைமுறை மருத்துவ மாணவர்கள் படித்துத் தேறினார்கள்.

முள்ளும் நோபல் பரிசும்

சீமைக்கருவேல முள் ஏறிய கால், மறுநாள் ஏன் சிவந்து வீங்கி விண்விண் என்று தெறிக்கிறது? 1882-இல் இத்தாலியின் மெசினா ஊரில் எலி மெச்னிகோஃப் என்ற ரஷ்ய விலங்கியலாளர் கண்ணாடி போல் தெளிந்த நட்சத்திர மீன் குஞ்சுகளின் உடம்பில் முள்ளைக் குத்தி வைத்துப் பார்த்தார். மறுநாள் முள்ளைச் சுற்றி நகரும் செல்கள் மொய்த்துக் கிடந்தன. அந்நியப் பொருளை விழுங்கும் செல்கள் அவை. நம் காலில் வீங்குவதும் அதே வேலைதான். பிறவி எதிர்ப்புச் சக்தியின் அடிப்படையைக் காட்டிய மெச்னிகோஃபுக்கு 1908-இல் பால் எர்லிக்குடன் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது.

மிளகாய்ச் செடிக்கு ஆன்டிபாடி கிடையாது

செடிகொடிகளுக்கு இருப்பது பிறவி எதிர்ப்பு மட்டுமே. அப்படியும் அவை பாடம் கற்கின்றன. 1961-இல் அமெரிக்காவில் ஏ. ஃபிராங்க் ராஸ் புகையிலைச் செடியின் கீழ் இலைகளில் தேமல் வைரஸைத் தேய்த்தார். சில நாள் கழித்து மேல் இலைகளில் அதே வைரஸைத் தேய்த்தபோது புள்ளிகள் குறைவாகவும் சிறியதாகவும் வந்தன. ஓர் இலை பட்டது செடி முழுவதற்கும் எட்டியிருந்தது. தாவரங்களில் இதைப் பார்த்து ஐம்பது ஆண்டு கழித்துத்தான் மனித உடம்பில் இதற்கு ஒப்பான ஒன்றுக்குப் பெயர் வைத்தார்கள்.

விதை நேர்த்தியில் ஒளிந்திருக்கும் பாடம்

கரிசல் காட்டில் மிளகாயோ உளுந்தோ போடுகிறவர்களுக்கு சூடோமோனாஸ் பொடி தெரியும். கிலோ விதைக்கு 10 கிராம் கலந்து நேர்த்தி செய்வார்கள். கோவைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தேர்ந்தெடுத்த ‘பி.எஃப்.1’ என்ற ரகம் இதில் பேர் போனது. இந்த நன்மை செய்யும் பாக்டீரியா வேரோரம் குடியேறி நோய்ப் பூசணத்தோடு நேரடியாகப் போட்டி போடுகிறது. இன்னொரு வேலையும் செய்கிறது: செடியின் சொந்த எதிர்ப்பை முன்கூட்டியே உசுப்பி வைக்கிறது. பிறகு நோய் தாக்கும்போது, நேர்த்தி செய்யாத செடியைவிட நேர்த்தி செய்த செடி சீக்கிரம் சுதாரித்துக்கொள்கிறது.

இறால் பண்ணையிலும் இதே கதை

தூத்துக்குடி, இராமநாதபுரம் கடலோரத்து இறால் பண்ணைக்காரர்களின் பெரிய பயம் வெள்ளைப்புள்ளி நோய். இறாலுக்கு ஆன்டிபாடி தயாரிக்கும் ஏற்பாடே கிடையாது. பிறவி எதிர்ப்பை வைத்துத்தான் காலம் தள்ளுகிறது. அதனால்தான் அந்த எதிர்ப்பை உசுப்பிவிட, ஈஸ்ட்டின் மேலோட்டில் இருக்கும் பீட்டா குளூக்கன் என்ற சர்க்கரைச் சங்கிலியைத் தீவனத்தில் சேர்க்கும் வழக்கம் வந்தது. இதே பீட்டா குளூக்கன்தான் மனித வெள்ளணுக்களை ஆய்வகத்தில் பழக்குவதற்கும் மிக அதிகமாகப் பயன்படும் பொருள். வெள்ளைப்புள்ளி நோயை முற்றாகத் தடுக்கும் என்று மட்டும் யாரும் உத்தரவாதம் தர முடியாது.

ராணித் தேனீக்குத் தடுப்பூசி

தேனீயின் உடம்பிலும் ஆன்டிபாடி கிடையாது. ஆனாலும் 2023 ஜனவரியில் அமெரிக்க வேளாண் துறை தேனீக்கான ஒரு தடுப்பு மருந்துக்கு நிபந்தனை அனுமதி கொடுத்தது. புழுக்களை அழுக வைக்கும் ‘அமெரிக்கன் ஃபவுல்புரூட்’ நோய்க்கான மருந்து அது. ஊசி போடுவதில்லை. செத்த பாக்டீரியாவை உணவில் கலந்து வேலைக்காரத் தேனீக்களுக்குக் கொடுக்கிறார்கள். அவை சுரக்கும் அரசக் கூழ் வழியாக அது ராணிக்குப் போகிறது. ராணியின் முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்குப் போகிறது. பிறக்கப் போகும் புழு, கிருமியைப் பார்க்கும் முன்பே கொஞ்சம் தயாராகிவிடுகிறது.

ஒப்பிடுவதற்கு வைத்ததும் எகிறியது

நெதர்லாந்தின் நைமேகன் நகரில் மிஹாய் நெட்டியாவின் குழு, பி.சி.ஜி. போட்டுக்கொண்டவர்களின் ரத்தத்தைச் சோதித்தது. காசநோய்க் கிருமியைக் காட்டினால் வெள்ளணுக்கள் சீறும் என்பது எதிர்பார்த்ததுதான். கூடவே, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் காண்டிடா என்ற பூஞ்சையையும் காட்டினார்கள். அதற்கும் வெள்ளணுக்கள் முன்னைவிட வேகமாகச் சீறின. 2012-இல் வெளியான இந்த ஆய்வில், ஊசி போட்டு மூன்று மாதம் ஆன பிறகும் அந்த வேகம் தெரிந்தது. அதற்கு முந்தைய ஆண்டே நெட்டியாவும் சக ஆய்வாளர்களும் இத்தகைய ஞாபகத்துக்குப் ‘பயிற்சி பெற்ற எதிர்ப்புச் சக்தி’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஞாபகம் எழுதப்படும் இடம்

செல்லுக்குள் டி.என்.ஏ. இழை ஹிஸ்டோன் என்ற புரத உருளைகளில் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. இறுக்கமாகச் சுற்றிய பகுதியிலுள்ள மரபணுவை எளிதில் வாசிக்க முடியாது. பி.சி.ஜி. போன்ற ஒன்று வந்து போனதும், எதிர்ப்புக்குத் தேவையான மரபணுக்கள் இருக்கும் பகுதியில் சுற்று தளர்ந்து, ஹிஸ்டோன்களில் சின்னச் சின்ன வேதிக் குறிகள் ஒட்டிக்கொள்கின்றன. மரபணு எழுத்து ஒன்றுகூட மாறுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை நின்ற பிறகும் கரிசல் மண் உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்திருக்குமே, அப்படித்தான் இதுவும். அந்த ஈரத்தில் பருத்தியும் முளைக்கும், கொத்தமல்லியும் முளைக்கும். இந்த ஞாபகமும் இன்ன கிருமிக்கென்று இல்லாமல் அடுத்து வரும் எதற்கும் உதவுகிறது. ஈரத்தைப் போலவே காலம் போகப் போக வற்றவும் செய்கிறது.

ஓரிரு நாள் வாழும் செல்லுக்கு மாதக்கணக்கில் ஞாபகமா?

நியாயமான சந்தேகம். ரத்தத்தில் சுற்றும் மோனோசைட் வெள்ளணு சில நாள்தான் இருக்கும். நியூட்ரோஃபில் செல்கள் இன்னும் வேகமாகத் தீர்ந்துபோகின்றன. நம் எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 கோடி நியூட்ரோஃபில்களைப் புதிதாகத் தயாரித்து அனுப்புகிறது. கற்ற செல் செத்துப்போனால் பாடம் எங்கே இருக்கும்? 2018-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகக் குழு எலிகளில் விடையைக் கண்டது. பாடம் மஜ்ஜையிலுள்ள தாய் செல்களுக்கே போய்ச் சேர்கிறது. அவை பெற்றெடுக்கும் வெள்ளணுக்கள் பிறக்கும்போதே பழகியவையாக வருகின்றன. பி.சி.ஜி. போட்ட மனிதர்களின் மஜ்ஜையிலும் மாற்றம் தெரிவதை 2020-இல் இன்னொரு குழு காட்டியது.

சர்க்கரை மாத்திரைக்கு இங்கே என்ன வேலை?

பழகும் வெள்ளணு தன் அடுப்பை மாற்றிக்கொள்கிறது. குளுக்கோஸை மடமடவென்று எரித்து ஆற்றல் எடுக்கும் பாதைக்குத் தாவுகிறது. அந்தத் தாவலை நடத்தும் சமிக்ஞைப் பாதையை, சர்க்கரை நோயாளிகள் சாப்பிடும் மெட்ஃபார்மின் மந்தப்படுத்துகிறது. ஆய்வகத்தில் மெட்ஃபார்மின் கலந்த வெள்ளணுக்கள் சரியாகப் பழகவில்லை என்பது 2014-இல் வெளிவந்தது. இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கட்டுக்கடங்காத சர்க்கரைதான் தொற்றுக்குப் பெரிய வாசல்.

உருளைக்கிழங்குத் துண்டில் 13 ஆண்டு

பி.சி.ஜி. என்பதில் ‘சி’ கால்மெட், ‘ஜி’ கெரான். முன்னவர் மருத்துவர், பின்னவர் கால்நடை மருத்துவர். பிரான்சின் லில் நகரில் 1908 முதல் மாட்டுக் காசநோய்க் கிருமியை, மாட்டுப் பித்தநீரும் கிளிசரினும் சேர்த்த உருளைக்கிழங்குத் துண்டில் வளர்த்தார்கள். ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு ஒரு முறை புதுத் துண்டுக்கு மாற்றினார்கள். சுமார் 230 மாற்றல்களுக்குப் பின் கிருமி நோய் உண்டாக்கும் வீரியத்தை இழந்திருந்தது. 1921-இல் பாரிசில் முதல் குழந்தைக்குக் கொடுத்தார்கள். அப்போது அது ஊசி இல்லை, வாய்வழி மருந்து.

கிண்டியில் பிறந்த மருந்து

இந்தியாவுக்கான பி.சி.ஜி. மருந்து தயாரிக்க 1948-இல் சென்னை கிண்டியில் ஆய்வுக்கூடம் தொடங்கியது. 1951 முதல் நாடு முழுக்க ஊசி இயக்கம் நடந்தது. ஊசிக் குழுவினர் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போனார்கள்.

ராஜாஜி எதிர்த்தார்

இந்த இயக்கத்துக்குக் கடும் எதிர்ப்பு சென்னையிலிருந்தே கிளம்பியது. எதிர்த்தவர் சி. ராஜகோபாலாச்சாரி. 1955-இல் இதற்கென்றே ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் எழுதினார். பலன் உறுதியாகாத உயிருள்ள கிருமியைக் கோடிக்கணக்கான குழந்தைகளின் உடம்பில் ஏற்றலாமா என்பது அவர் வாதம். மத்திய சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர் இயக்கத்தைத் தாங்கி நின்றார். இயக்கம் நிற்கவில்லை. ஆனால் ‘பலன் எவ்வளவு?’ என்ற கேள்விக்குச் சரியான சோதனை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும் என்பது பின்னாளில் எல்லோருக்கும் புரிந்தது.

செங்கல்பட்டு சொன்ன கசப்பான விடை

அந்தச் சோதனை 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர் வட்டாரத்தில் தொடங்கியது. சுமார் 3.6 லட்சம் மக்கள் வாழும் பகுதி. உலகிலேயே மிகப் பெரிய பி.சி.ஜி. சோதனை. பதினைந்து ஆண்டு பின்தொடர்ந்த முடிவு 1999-இல் வெளியானது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை. மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் காசநோய்க் கிருமியின் தூரத்து உறவினங்கள் இங்குள்ள மக்களை முன்பே தொட்டுவிட்டதால் ஊசியின் பலன் மறைந்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். குழந்தைகளைத் தாக்கும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயையும் உடல் முழுக்கப் பரவும் வகையையும் பி.சி.ஜி. தடுக்கிறது. பிறந்ததும் போடுவது இன்றும் தொடர்வது அதனால்தான்.

ஆப்பிரிக்கக் குழந்தைகள் பிழைத்தது எப்படி?

மேற்கு ஆப்பிரிக்காவின் கினி-பிசாவ் நாட்டில் 1978 முதல் பீட்டர் ஆபி என்ற டென்மார்க் ஆய்வாளர் குழந்தை இறப்பைக் கணக்கெடுத்து வருகிறார். எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்கு உடனே பி.சி.ஜி. போட்டால் என்ன ஆகும் என்று அவர் குழு மூன்று சோதனைகள் நடத்தியது. 2017-இல் மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது, முதல் ஒரு மாத இறப்பு 38 சதவீதம் குறைந்திருந்தது. ஒரு மாதக் குழந்தை காசநோயால் சாவது அபூர்வம். ரத்தத்தில் கிருமி ஏறுவதும் மூச்சுத் தொற்றும்தான் அந்த வயதில் உயிரெடுப்பவை. அவற்றைத்தான் ஊசி தடுத்திருக்க வேண்டும்.

இந்தியாவில் அதே ஊசி, வேறு விடை

இங்கேயும் 2000 கிராமுக்குக் குறைந்த எடையில் பிறந்த குழந்தைகளிடம் இரண்டு சோதனைகள் நடந்தன. 2019-இல் முடிவு வந்தது: இறப்பு குறையவில்லை. ஏன்? கினி-பிசாவில் போட்டது டென்மார்க் ரகம். இங்கே போட்டது ரஷ்ய ரகம். உருளைக்கிழங்கிலிருந்து உலகெங்கும் பிரிந்து போன கிருமி ஒவ்வொரு நாட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக மாறியிருக்கிறது. அட்டையில் ‘பி.சி.ஜி.’ என்று ஒரே பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றல்ல. டென்மார்க்கிலேயே நடந்த சோதனையிலும் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சேர்வது குறையவில்லை. தொற்று அதிகமுள்ள நாட்டுக்கும் குறைந்த நாட்டுக்கும் பலன் வேறுபடலாம்.

சிறுநீர்ப்பைக்குள் பி.சி.ஜி.

1976-இல் கனடாவில் அல்வாரோ மொராலெஸ் என்ற சிறுநீரகவியல் மருத்துவர், சிறுநீர்ப்பைப் புற்றுநோய் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்த 9 பேருக்கு, மெல்லிய குழாய் வழியாக பி.சி.ஜி. திரவத்தைப் பைக்குள்ளேயே விட்டார். வாரம் ஒரு முறை, ஆறு வாரம். கட்டி திரும்புவது வெகுவாகக் குறைந்தது. தசைக்குள் இறங்காத, ஆனால் திரும்பிவரும் ஆபத்துள்ள சிறுநீர்ப்பைப் புற்றுக்கு இன்றும் உலகம் முழுக்க இதுதான் முக்கிய மருத்துவம், மதுரையிலும் சென்னையிலும்கூட. அங்கே வெள்ளணுக்களை உசுப்பும் வழிகளில் ஒன்றாக இந்தப் பிறவி ஞாபகமும் இருக்கிறது.

கொரோனாவும் சென்னை ஆய்வும்

2020-இல் தடுப்பூசி இன்னும் வராத நேரம். சேத்துப்பட்டிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 60 வயதைக் கடந்தவர்களுக்கு பி.சி.ஜி. போட்டுப் பார்த்தது. ஒரு மாதம் கழித்து எடுத்த ரத்தத்தில் எதிர்ப்பு செல்கள் பலவற்றின் நிலை மேம்பட்டிருந்தது. ஆனால் ரத்தத்தில் தெரியும் மாற்றம் வேறு, நோய் வராமல் தடுப்பது வேறு. ஆஸ்திரேலியாவிலிருந்து பிரேசில் வரை ஐந்து நாட்டு மருத்துவப் பணியாளர்களிடம் நடந்த ‘பிரேஸ்’ சோதனை 2023-இல் சொன்ன முடிவு: பி.சி.ஜி. கொரோனாவைத் தடுக்கவில்லை. இந்தத் துறைக்குக் கிடைத்த தெளிவான அடி இது.

ஞாபகம் கெடுதலும் செய்யும்

வீக்கத்தை வேகமாக வரவழைப்பதுதானே இந்தப் பயிற்சி? வீக்கம் தேவையில்லாத இடத்தில் வந்தால் கேடு. 2018-இல் எலிகளுக்குக் கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்த மேலைநாட்டு உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு நல்ல உணவுக்கு மாற்றியும், மஜ்ஜையில் பதிந்த சீற்றம் குறையவில்லை. ஆக்சிஜனேற்றம் அடைந்த கெட்ட கொழுப்பும், மூட்டுவாதத்தில் சேரும் யூரிக் அமிலமும் வெள்ளணுக்களைத் தப்பாகப் பழக்குகின்றன. இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு இதுவும் ஒரு காரணமா என்று இப்போது ஆராய்கிறார்கள்.

பல் ஈறிலிருந்து மூட்டுக்கு

ஈறு வீங்கிச் சீழ் வடிகிறவர்களுக்கு மூட்டுவலியும் சேர்ந்து வருவதை மருத்துவர்கள் வெகுநாளாகப் பார்த்து வந்தார்கள். 2022-இல் எலிகளில் ஒரு காரணம் தெரிந்தது. ஈறு நோய் கண்ட எலியின் மஜ்ஜையை ஆரோக்கியமான எலிக்கு மாற்றினார்கள். ஈறே கெடாத அந்த எலிக்கு, மூட்டுவீக்கம் வழக்கத்தைவிடக் கடுமையாக வந்தது. ஈறு கற்றுக்கொடுத்ததை மஜ்ஜை சுமந்து போயிருந்தது.

தளர்ந்துபோகும் ஞாபகமும் உண்டு

ரத்தத்தில் கிருமி ஏறி ‘செப்சிஸ்’ கண்டு பிழைத்தவர்களுக்குப் பிறகு வெள்ளணுக்கள் சோர்ந்துவிடுகின்றன. அடுத்த தொற்றுக்கு அசைவதில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டாவது தொற்றால் இறப்பவர்கள் பலருக்கு இதுதான் கதை. 2016-இல் ஓர் ஆய்வு, அப்படிச் சோர்ந்த மனித வெள்ளணுக்களைப் பீட்டா குளூக்கன் கொடுத்து ஆய்வகத்தில் திரும்ப எழுப்ப முடிந்ததைக் காட்டியது. தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்கள் ஆவலோடு கவனிக்கும் பாதை இது.

தோலும் மறக்காது

ஞாபகம் பிறவி எதிர்ப்பு செல்களுக்கு மட்டும்தான் என்று இல்லை. 2017-இல் ஷ்ருதி நாயக், எலேன் ஃபுக்ஸ் குழு எலியின் தோலில் ஒரு களிம்பு தடவி வீக்கம் வரவழைத்தது. வீக்கம் அடங்கி வெகுநாள் கழித்து அதே இடத்தில் காயம் செய்தபோது, முன்பு வீங்காத தோலைவிட வேகமாக ஆறியது. தோலின் தாய் செல்களே பழைய வீக்கத்தை நினைவில் வைத்திருந்தன. ஆறிய இடத்திலேயே சொரியாசிஸ் திரும்பத் திரும்ப வருவதற்கும் இதில் ஒரு துப்பு இருக்கலாம்.

அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வருமா?

2021-இல் ஓர் ஆய்வு, தொற்றைத் தாண்டிவந்த ஆண் எலியின் குட்டிகளும் பலமாக இருப்பதாகச் சொன்னது. 2022-இல் வேறொரு குழு அதே கேள்வியைச் சோதித்து, அப்படி எதுவும் தெரியவில்லை என்றது. இரண்டும் ஒரே ஆய்விதழில் வந்தவை. தேனீக்குத் தீர்ந்த வழக்கு, பாலூட்டிகளுக்கு இன்னும் தீரவில்லை.

நாக்கடியில் ஒரு ஸ்ப்ரே

மூக்கொழுகி, நெஞ்சு விசில் அடித்து, மாதா மாதம் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் குழந்தைகள் எந்த ஊரில் இல்லை? ஸ்பெயினில் செத்த பாக்டீரியாக்கள் சேர்ந்த ‘எம்.வி. 130’ என்ற மருந்தை நாக்கடியில் தெளித்து, மூன்று வயதுக்கு உட்பட்ட 120 குழந்தைகளிடம் சோதித்தார்கள். 2021-இல் வந்த முடிவில் மூச்சிரைப்பு வருவது சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது. பெரும்பாலும் வைரஸால் வரும் இரைப்புக்கு பாக்டீரியா மருந்து உதவியதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

அடக்கவும் ஆராய்கிறார்கள்

மாற்று உறுப்பை உடம்பு நிராகரிப்பதில் பழகிய வெள்ளணுக்களுக்கும் பங்கு உண்டு. 2018-இல் மஜ்ஜைக்கு நேராகப் போய்ச் சேரும் நுண்துகளில் மருந்தை ஏற்றி, அந்தப் பயிற்சியை மட்டும் தடுத்தபோது, எலிகளில் மாற்று இதயம் நெடுநாள் நிலைத்தது. தொற்றும் புற்றும் உள்ள இடத்தில் பயிற்சியைக் கூட்டுவது, மாற்று உறுப்பும் மூட்டுவாதமும் உள்ள இடத்தில் குறைப்பது: இந்தத் துறையின் மருத்துவக் கனவு இந்த இரண்டில் அடங்கும்.

‘இம்யூனிட்டி’ பாக்கெட் வாங்கும் முன்

கொரோனாவுக்குப் பிறகு பிஸ்கட்டிலிருந்து டீத்தூள் வரைக்கும் ‘இம்யூனிட்டி’ என்று அச்சடிக்கிறார்கள். மேலே சொன்ன ஆய்வுகள் எதுவும் அந்த பாக்கெட்டுகளுக்குச் சான்று ஆகா. எதிர்ப்புச் சக்தி ‘கூடினால் நல்லது’ என்பதும் சரியில்லை. ஒவ்வாமையும் மூட்டுவாதமும் எதிர்ப்பு அளவுமீறிப் போவதால் வருபவையே. செலவே இல்லாத இரண்டு காரியம் உண்டு: ஈறைச் சுத்தமாக வைத்திருப்பது, தடுப்பூசி அட்டையில் விட்டுப்போனதைக் கேட்டுப் போட்டுவிடுவது.

பெரியவர்களும் பி.சி.ஜி. போட்டுக்கொள்ளலாமா?

இவ்வளவு படித்த பிறகு கேட்கத் தோன்றும் கேள்வி இது. பொதுவான நோய் எதிர்ப்புக்காகப் பெரியவர்களுக்கு பி.சி.ஜி. போடச் சொல்ல இன்றைக்குப் போதிய சான்று இல்லை. வீரியம் குறைந்திருந்தாலும் அது உயிருள்ள கிருமி, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களுக்கும், எதிர்ப்பை அடக்கும் மருந்து சாப்பிடுபவர்களுக்கும் அதுவே நோயாகப் பரவக்கூடும். குழந்தைக்கு மட்டும் தள்ளிப்போட வேண்டாம். பிறந்ததும் போட விட்டுப்போனால், ஒரு வயது முடிவதற்குள் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு கொண்டுபோனால் அரசுத் திட்டத்தில் பி.சி.ஜி. கிடையாது.